ஓடிய இன்னோவாவா, நின்ற எர்டிகாவா?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் குடும்பத்தோடு போய்வரப் பழைய வண்டி தேடுகிறவர்கள் முன்னால் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இப்படி ஒரு ஜோடிதான். ஒன்று 2013 மாடல் டொயோட்டா இன்னோவா 2.5 டீசல். எட்டு சீட், மீட்டரில் 2,20,000 கிலோமீட்டர், இன்றைக்கும் தினம் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி. இன்னொன்று 2014 மாடல் மாருதி எர்டிகா டீசல். ஏழு சீட், மீட்டரில் 60,000 சொச்சம். சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பூட்டிய வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காக நிற்கிற வண்டி. இன்னோவா எவ்வளவு ஓடினாலும் லேசில் விலை இறங்காது. எர்டிகாவுக்கு மீட்டர் குறைவு என்பதால் விலை ஏறும். ஆக இரண்டுக்கும் கேட்கிற பணம் ரொம்ப தூரத்தில் இருக்காது.

பார்த்த மாத்திரத்தில் எல்லார் மனசும் எர்டிகா பக்கம் சாயும். "அறுபதாயிரந்தாண்ணே ஓடியிருக்கு, சீட்டு பாலிதீன்கூடப் பிரிக்கல" என்று புரோக்கர் சொன்னதும் அட்வான்ஸ் கைமாறிவிடும். அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். ஓடித் தேய்ந்ததை பில்லை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். நின்று கெட்டதற்கு பில் கிடையாது. வாங்கிய பிறகு ஒவ்வொன்றாகத்தான் வெளியே வரும்.

முதலில் ஆளை எண்ணுங்கள்

எஞ்சினுக்குப் போகுமுன் யார் எந்த சீட் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நம்மவர்கள் வெளியே கிளம்புவது என்றால் பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, மாத்தூர், இளையாத்தங்குடி என்று கோயில் கோயிலாக இறங்கி ஏறுவது, தேவிபட்டினம் நவபாஷாணம், தொண்டிக் கடற்கரை, கோடை லீவில் கொடைக்கானல், நடுவே வரிசையாகக் கல்யாணம். நகரத்தாரின் நகரக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் அப்பத்தா ஒன்பது முறை வண்டியில் ஏறி ஒன்பது முறை இறங்க வேண்டும். ஆகவே படி உயரம் முக்கியம்.

இன்னோவா லாரி போலத் தனிச் சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த வண்டி. அதனால் உள்தரை உயரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பக்கவாட்டில் கால்படி வைத்தே ஆக வேண்டும். ஏற்கெனவே படி மாட்டியிருந்தால் அதன் பிராக்கெட் போல்ட் போட்டுச் சேஸிஸில் பிடித்திருக்கிறதா, பாடித் தகட்டில் வெல்டு அடித்திருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். வெல்டு அடித்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். எர்டிகாவில் சேஸிஸ் தனியாக இல்லை. காரில் ஏறுவது மாதிரியே ஏறலாம். முன் சீட்டும் நடு சீட்டும் வயதானவர்களுக்கு எர்டிகாவில்தான் சௌகரியம்.

கதை மாறுவது மூன்றாவது வரிசையில். எர்டிகாவில் அங்கே இரண்டு பேருக்குத்தான் இடம். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சை நோக்கி வரும். பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சரி, ஐயாவுக்குச் சரிவராது. நடு சீட்டை முன்னால் தள்ளிக் கொடுத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும், ஆனால் நடுவில் இருப்பவர் முறைப்பார். எட்டு சீட் இன்னோவாவில் பின்னால் மூன்று பேர் என்று ஆர்.சி. சொல்கிறது. உண்மையில் இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை. அந்த இரண்டு பெரியவரும் கொடைக்கானல் வரை முனகாமல் வருவார்கள்.

அப்புறம் சாமான். எல்லா சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது முதல் தலைமுறை எர்டிகாவின் டிக்கியில் மிஞ்சுவது 135 லிட்டர் இடம். ஒரு எவர்சில்வர் தூக்கு, இரண்டு தோள்பை, தண்ணீர்க் கேன் ஒன்று வைத்தால் கதவு சாத்தச் சிரமப்படும். சீர்ச் சாமானோ பலகார டின்னோ ஏற்ற வேண்டுமென்றால் மேலே கேரியர்தான். இன்னோவாவிலும் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி தாராளம் என்று சொல்ல முடியாது, ஆனால் இதைவிட மேல்.

ஆர்.சி.யில் வண்டியின் வெறும் எடை, பாரத்தோடு சேர்ந்த எடை என்று இரண்டு எண் இருக்கும். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். ஆளுக்கு 65 கிலோ போட்டுப் பெருக்கி, சாமான் எடையையும் சேர்த்து, அது கழித்து வந்த எண்ணுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். மேலே கேரியரில் ஏற்றுவதும் இந்தக் கணக்கில்தான் வரும், பலர் அதை மறந்துவிடுவார்கள்.

ஐந்து பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் மேற்கொண்டு படியுங்கள், இரண்டில் எதுவும் ஆகலாம். பெரியவர்கள் ஆறு பேரோ அதற்கு மேலோ என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்னோவாதான். அந்த வண்டி சரியில்லை என்றால் வேறு இன்னோவா.

மைலேஜ் என்ற பெரிய பேச்சு

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், முடிவைக் குறைவாக மாற்றுவதும் இதுதான். கம்பெனி சொன்ன சோதனை அளவு எர்டிகா டீசலுக்கு லிட்டருக்கு 20.77, இன்னோவாவுக்கு 12.99. ரோட்டில் ஏ.சி. போட்டு ஓட்டினால் எர்டிகா 16 முதல் 19, இன்னோவா 11 முதல் 13. குடும்ப வண்டி மாதம் 400 கிலோமீட்டர் ஓடுவதாக வைப்போம். 12 மைலேஜில் 33 லிட்டர், 17 மைலேஜில் 23.5 லிட்டர். வித்தியாசம் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. லிட்டர் 92 ரூபாய் என்றால் மாதம் சுமார் 900 ரூபாய். தினமும் மதுரைக்குப் போய்வருகிறவருக்குத்தான் இது பெரிய தொகை.

மைலேஜைவிட வருஷா வருஷம் நிச்சயமாகக் கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸைப் பாருங்கள். 2022 ஜூனில் வந்த விகிதப்படி மூன்றாம் நபர் பிரீமியம் 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய், 1,500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். ஜிஎஸ்டி தனி. எர்டிகா டீசல் 1,248 சிசி, இன்னோவா 2,494 சிசி. டயர் அளவும் ஒன்றில்லை. எர்டிகாவுக்கு 185/65 ஆர்15, இன்னோவாவுக்கு 205/65 ஆர்15. ஐந்து டயர் ஒன்றாக மாற்றும்போது அந்த வித்தியாசம் பையில் தெரியும்.

நின்ற வண்டி எப்படிக் கெடும்

பூட்டிய வீட்டு வண்டிக்கு நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாரம் ஒரு முறை வாட்ச்மேன் வந்து ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் உறும விட்டு, அணைத்துவிட்டுப் போவார். நல்ல எண்ணம்தான், பலன் நேர்மாறு. ஸ்டார்ட் எடுக்க பேட்டரி செலவழித்ததை ஐந்து நிமிஷ ஐடிலிங் திருப்பித் தராது. எஞ்சின் ஓரளவு சூடேறி அணைவதால் உள்ளே படிகிற ஈரம் ஆயிலிலேயே தங்கும். டீசல் வண்டியில் குறைந்த ஆர்.பி.எம். ஓட்டம் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்விலும் காற்று போகும் இன்டேக்கிலும் கரியைத்தான் சேர்க்கும். ஆகவே "வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கோம்" என்று யாராவது சொன்னால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "எத்தனை தடவை ரோட்டுக்கு வந்தது?" என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வி ஆயில். பதில் பெரும்பாலும் "ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்று வரும். ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒன்று, மாதக் கணக்கு ஒன்று. எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினாலும் வருஷம் ஒரு முறை மாற்ற வேண்டும். எர்டிகாவில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. அதில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 மல்டிஜெட் டீசல், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி. "சங்கிலி என்பதால் மாற்றவே வேண்டாம்" என்று நம்பிவிடுகிறார்கள். சங்கிலியை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. பழைய ஆயில், குறைந்த ஆயில் இரண்டும் சங்கிலியைத் தளர்த்தும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் ஓரத்திலிருந்து கரகரவென்று உலோகச் சத்தம் வந்து ஓரிரு நொடியில் அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் நீடித்தால் சங்கிலி, டென்ஷனர், கைடு எல்லாவற்றுக்கும் சேர்த்து விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். சங்கிலி தாண்டினால் வால்வு வளையும்.

இந்தச் சோதனைக்காகவே காலை ஏழு மணிக்கு முன் போய் நில்லுங்கள். "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள்.

பானெட்டைத் திறந்ததும் எலி. செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டு, தென்னை மட்டைக் குவியல், பக்கத்திலேயே நெல் மூட்டை என்றால் எலிக்கு வேறென்ன வேண்டும்? எஞ்சின் மேல் வயரிங்கில் உரித்த இடம், டேப் சுற்றிய இடம், பானெட் உட்புற மெத்தையில் கிழித்த பஞ்சு, பேட்டரித் தட்டில் புழுக்கை இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது ஏ.சி. உள்பக்கம். கிளவ் பாக்ஸைக் கழற்றி கேபின் ஃபில்டர் இருக்குமிடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபேனைக் கடைசி வேகத்தில் வைத்ததும் நாற்றம் வந்தால் ப்ளோயருக்குள் கூடு கட்டியிருக்கிறது. வயர் கடித்த வண்டியில் கோளாறு தினமும் வராது, மழை பெய்த அன்றைக்கு மட்டும் வரும். எலக்ட்ரீஷியன் கண்டுபிடிக்க முடியாமல் சென்சாராக மாற்றிக்கொண்டே இருப்பார். எலி கடித்த தடயத்தைக் கண்டால் அந்த வண்டியை விட்டுவிடலாம் என்பதே என் தீர்ப்பு. விலை குறைத்தாலும் வேண்டாம்.

டயரைப் பொறுத்தவரை பட்டன் ஆழம் பார்ப்பது வீண், புதுசு மாதிரிதான் இருக்கும். டயர் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டிய ரப்பர் இறுகிப்போயிருக்கும். நின்ற இடத்திலேயே நின்றதால் ஒரு பக்கம் சப்பையாகி, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறும். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் மாற்றுகிற செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் அசைவில் "டக்" என்று விடுபடுகிற சத்தத்தைக் கவனியுங்கள். டேங்க் பாதி காலியாக நின்றிருந்தால் உள்சுவரில் ஈரம் படிந்து டீசலில் தண்ணீர் இறங்கும். ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் கீழே தனியாக நிற்கும். தண்ணீர் புகுந்த டீசல் பம்பும் இன்ஜெக்டரும் லேசில் பிழைக்காது. ஏ.சி. கம்ப்ரஸரின் ரப்பர் சீல் ஆயில் படாமல் காய்ந்து கேஸ் கசியும். "கேஸ் மட்டும் போட்டா போதும்" என்றால் போட்டுக் காட்டச் சொல்லி, ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துளையில் வேப்பிலை அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் காருக்குள் இறங்கியிருக்கும். காலடிக் கம்பளத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள்.

அறுபதாயிரம் என்பதே உண்மைதானா என்பது தனிக் கேள்வி. பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் வலது ஓரம், கியர் நாபில் எழுத்து, இவை மீட்டர் சொல்வதோடு ஒத்துப்போக வேண்டும். மாருதி சர்வீஸ் சென்டரில் பதிவெண் கொடுத்தால் கடைசியாக எப்போது, எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற வரலாறு இருக்கும். சொந்தக்காரர் போன் செய்து சம்மதம் சொன்னால் வாங்கிவிடலாம். வரலாறு 2018இல் நின்றுபோயிருந்தால் வண்டியும் அப்போதே நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

ஓடிய வண்டியின் கணக்கு

2,20,000 கிலோமீட்டர் என்றதும் பயப்பட வேண்டாம். இன்னோவாவின் 2கேடி எஞ்சினுக்கு அது நடுவயது. பயப்பட வேண்டியது, மீட்டர் 2,20,000 என்று காட்டி உண்மையில் நாலரை லட்சம் ஓடியிருந்தால்தான். பழைய இன்னோவாவில் பெரும்பங்கு வாடகைக்கு ஓடியவை. மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக மாற்றுவது சட்டப்படி செய்யக்கூடியதே, அதில் குற்றமில்லை. மறைப்பதுதான் பிரச்சினை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், எந்த வகுப்பு, கடன் பாக்கி உண்டா என்பது தெரியும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி கேளுங்கள், வாடகை வண்டியின் பாலிசி வேறு மாதிரி இருக்கும். ஆக்ஸிலேட்டர் பக்கம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கழற்றிய வயர் முனை, கூரையில் கேரியர் பிடித்த ஓட்டை, நடு சீட் பெல்ட் பக்கிளின் தேய்மானம் ஆகியவையும் சொல்லும். வெள்ளை போர்டிலேயே சத்தமில்லாமல் வாடகைக்கு ஓடுகிற வண்டிகள் தனி ரகம், அவற்றைக் காகிதம் காட்டிக்கொடுக்காது. சீட் ரெயிலும் பெடலும்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்னோவாவில் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது டைமிங் பெல்ட் பில். 1,50,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் மீட்டரில் டி-பெல்ட் விளக்கு எரியும். விளக்கு எரியவில்லையே என்று நம்ப வேண்டாம், பெல்ட் மாற்றாமலே விளக்கை ரீசெட் செய்துவிடலாம். சாவியை ஆன் நிலையில் வைத்ததும் மற்ற விளக்குகளோடு அதுவும் ஒரு நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பில்லில் தேதி, கிலோமீட்டர், பெல்ட்டோடு டென்ஷனரும் இருக்க வேண்டும். பில் இல்லையா? மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு, வாங்கிய அன்றே மாற்றுங்கள். இது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

எஞ்சின் சூடேறியதும் ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே துளையின் மேல் வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. குதித்து விழுந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங் வழியாகவோ இன்ஜெக்டர் அடிச் சீல் வழியாகவோ கேஸ் கசிகிறது. இந்த எஞ்சின் குடும்பத்தில் இன்ஜெக்டர் அடியிலுள்ள தாமிர வாஷர் கசிந்தால் கரி ஆயிலில் கலந்து, சம்ப் என்கிற ஆயில் தொட்டியின் அடியில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் அழுத்தம் குறையும், எஞ்சினே போகும். வண்டி பிடித்திருந்தால் டீசல் பம்ப் கடையில் இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். நாலு இன்ஜெக்டரிலிருந்தும் சிறு குப்பிகளில் திரும்பி வருகிற டீசல் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இரு மடங்கு என்றால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது.

ஐடிலில் ஆர்.பி.எம். முள் ஏறி இறங்கினாலோ, வேகத்திலிருந்து காலை எடுத்ததும் அணைந்தாலோ பெரும்பாலும் டீசல் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்.சி.வி. வால்வுதான் காரணம். அது மாற்றிக்கொள்ளக்கூடியதுதான், விலை பேச உதவும். புகையில், வெள்ளைப் புகை சில நொடி மட்டும் குளிரில் வந்தால் விட்டுவிடலாம். சூடேறிய பிறகும் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

கீழே போய்ப் பாருங்கள். பின் சக்கர ஓட்டம் என்பதால் எர்டிகாவில் இல்லாத இரண்டு பொருள் இதில் உண்டு, எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், அதைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகினால் யுனிவர்சல் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரியும். டிஃபரன்ஷியல் ஊளை 60 முதல் 80 வேகத்தில் காலை எடுக்கும்போது கேட்கும். முன் லோயர் ஆர்ம் புஷ் வெடிப்பு, ஸ்டியரிங் ராக் ரப்பரில் ஆயில் ஈரம் இரண்டும் இந்த வயதில் சாதாரணம். செலவு உண்டு, ஆபத்தில்லை. சேஸிஸில் வெல்டு அடித்த தடயம் இருந்தால் மட்டும் பேச்சு முடிந்தது.

இரண்டு வண்டிக்கும் பொதுவாக இன்னொன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் தென் மாவட்டங்களில் விலைக்கு வந்தால் ஆச்சரியமில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே இருக்கும். சீட் அடியிலுள்ள போல்ட்டில் துரு இருந்தால் காரணம் கேளுங்கள். சென்னையிலேயே வாங்கி, சென்னையிலேயே சர்வீஸ் ஆன எர்டிகாவுக்கு இது கூடுதல் அவசியம்.

குடும்பத்தையே ஏற்றி ஓட்டிப் பாருங்கள்

தனியாகப் போய் நூறடி ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு வண்டியும் நன்றாகத்தான் ஓடும். உண்மை தெரிய வேண்டுமானால் ஏழு பேர் ஏற வேண்டும். விற்பவர் ஒத்துக்கொண்டால் மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி போய் வாருங்கள். போகிற வழியிலேயே நாலு விஷயம் தெரிந்துவிடும்.

கிளம்பும் முன் ஆள் ஏறாமல் பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு வளைவு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து வையுங்கள். ஆள் ஏறியதும் மறுபடி அளங்கள். ஒரு பக்கம் அதிகம் இறங்கினால் அந்தப் பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. வேகத்தடையில் பின்பக்கம் "டொம்" என்று தட்டுகிறதா என்பது பின் சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும், அவரைக் கேளுங்கள். எர்டிகா முழுப் பாரத்தில் தட்டும் சாத்தியம் அதிகம்.

ஏ.சி.யை மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து சோதியுங்கள். சித்திரை வெயிலில் முன்னால் குளிர்ந்து பின்னால் புழுங்கினால் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். பின் ப்ளோயரின் எல்லா வேகமும் வேலை செய்ய வேண்டும்.

கிளட்சுக்கு, நாலாவது கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். முள் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. அப்புறம் ஒரு மேம்பால ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, பாரத்தோடு முதல் கியரில் எடுங்கள். இங்கேதான் இரண்டு வண்டியின் குணமும் பிரியும். காகிதத்தில் இரண்டுக்கும் டார்க், அதாவது இழுவிசை, ஒன்றுதான், 200 நியூட்டன் மீட்டர். இன்னோவாவுக்கு அது 1,400 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். எர்டிகாவுக்கு 1,750 வரை காத்திருக்க வேண்டும், அதற்குக் கீழே டர்போ தூங்கும். சமதளத்தில் ஏறக்குறைய 400 கிலோ எடை குறைந்த எர்டிகாதான் சுறுசுறுப்பு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போதோ, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலோ, முழுப் பாரத்தில் வளைவுக்கு வளைவு எர்டிகாவை முதல் கியருக்கு இறக்க வேண்டியிருக்கும். வண்டிக்குப் பழகாத ஆக்டிங் டிரைவர் அதைச் செய்யாமல் பாதிக் கிளட்சில் இழுப்பார். மலை இறங்குவதற்குள் கிளட்ச் நாற்றம் வரும். வருஷத்துக்கு ஒரு முறையாவது மலை உண்டு, வண்டி ஓட்டப்போவது ஆக்டிங் டிரைவர் என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காற்றுப்பை இருக்கிறதா என்பது இரண்டு வண்டியிலும் மாடலுக்கு மாடல் மாறும். விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல் ஸ்டியரிங் நடுவிலும் டேஷ்போர்டின் இடது பக்கத்திலும் எஸ்.ஆர்.எஸ். எழுத்து உண்டா என்று பாருங்கள். சாவி போட்டதும் அந்த விளக்கு எரிந்து அணைய வேண்டும்.

இந்த ஜோடியில் என் ஓட்டு, பெல்ட் பில் இருந்து ஆயில் மூடிச் சோதனையில் தேறினால், ஓடிய இன்னோவாவுக்கு. எர்டிகாவை எடுப்பதானால் மூன்று நிபந்தனை. எலி கடித்திருக்கக் கூடாது. சர்வீஸ் வரலாற்றில் வருஷம் ஒரு ஆயில் மாற்றமாவது இருக்க வேண்டும். ஐந்து டயர், பேட்டரி, ஆல்டர்னேட்டர் பெல்ட், எல்லாத் திரவங்களும் மாற்றும் செலவு விலையில் கழிய வேண்டும். எடுத்த பிறகு பழைய டீசலை இறக்கி ஃபில்டர் மாற்றி, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றி, 2,000 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை மறுபடியும் மாற்றுங்கள். இரண்டாவது முறை இறங்குகிற ஆயிலின் கருப்பைப் பார்த்தால் ஏன் என்று புரியும். இன்னோவா எடுத்தால் எஞ்சின் ஆயிலோடு கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயிலும் மாற்றுங்கள். முந்தைய சொந்தக்காரர்கள் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

வாங்கிய வண்டியும் உங்கள் கொட்டகையில் நிற்கப் போவதானால், டேங்கை நிரப்பி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்தே வைத்தால் எலிக்கு இருட்டு கிடைக்காது. வாட்ச்மேனிடம் ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்குப் பதில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை லைசென்ஸ் உள்ள ஒருவர் குன்றக்குடி வரை ஓட்டி வரட்டும். ஏ.சி. போட்டே ஓட்டட்டும்.

காகிதம்

சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம். 2013 இன்னோவாவுக்கு 2028இல் முடியும், 2014 எர்டிகாவுக்கு 2029. அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. இன்னோவாவின் விலையில் இதைச் சொல்லிப் பேசலாம். டெல்லியில் பத்து வருஷ டீசலுக்குத் தடை வந்ததால் அங்கிருந்து மலிவாக வரும் இன்னோவாக்கள் கண்ணில் படும். தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே புதிதாகக் கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும்.

சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் அவர் கையெழுத்து எப்படி வரப்போகிறது என்பதை அட்வான்ஸுக்கு முன் தீர்த்துக்கொள்ளுங்கள். "கையெழுத்துப் போட்ட வெத்துப் படிவம் இருக்கு" என்று புரோக்கர் நீட்டுவதை வாங்க வேண்டாம். கடன் இருந்திருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் படிவம் 35, வங்கிச் சான்று. சிவகங்கை மாவட்டத்து டிஎன் 63 வண்டியைப் புதுக்கோட்டை மாவட்டத்து டிஎன் 55 முகவரிக்காரர் வாங்கினால் தடையில்லாச் சான்றும் தேவையா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்ற வேண்டும். விற்பவரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. கடைசியாக, விற்பவர் தன் ஃபாஸ்டேக்கை மூடிவிட்டாரா என்று பாருங்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான், பழையது மூடாத வரை உங்கள் பெயரில் புதியது கிடைக்காது. திருச்சி போகும் வழியில் லெம்பலக்குடி டோலில் அவர் கணக்கிலிருந்து பணம் போகும், போன் உங்களுக்கு வரும்.